போன் அடிக்கும்வரை: காத்திருப்பது வேலையா, ஓய்வா?

விமானம் புறப்பட இரண்டு மணித்தியாலம் இருக்கேக்க அதை ஓட்டவேண்டிய விமானிக்குக் காய்ச்சல் வந்தால் என்ன நடக்கும்? பயணிகளுக்கு அநேகமாக ஒண்டும் தெரியவராது. வேறொருவர் வந்து ஓட்டுவார். அந்த 'வேறொருவர்' எங்கேயிருந்து வந்தார் எண்டு நாங்கள் கேட்பதில்லை. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறையில், சீருடையை மினுக்கி மாட்டிவைத்துவிட்டு, போனைப் பார்த்தபடி இருந்தவர் அவர். விமானத்துறையில் இதுக்கு 'ரிசேர்வ்' எண்டு பெயர். மற்ற விமானிகளின் மாத ரோஸ்டரில் எந்த நாள் எந்த ஊர் எண்டு எழுதியிருக்கும். ரிசேர்வில் இருப்பவருக்கு நாட்கள் மட்டும்தான் குறிக்கப்பட்டிருக்கும். கூப்பிட்டால் போகவேணும், கூப்பிடாவிட்டால் இருக்கவேணும்.

அந்த 'இருக்கிறது' வேலையா, ஓய்வா? கேட்க லேசான கேள்வி. அமெரிக்க விமானிகளும் கொம்பனிகளும் அரசாங்கமும் இதில் பல பத்தாண்டுகள் இழுபட்டிருக்கினம். எங்களில் கனபேர் இண்டைக்கு 'ஓன் கோல்' வேலையில் இருக்கிறம். அதனால்தான் இந்த வரலாறு எங்களுக்குத் தூரத்துக் கதையாகப் படவில்லை.

கதை ரயிலில் தொடங்குது. அமெரிக்க ரயில் கொம்பனிகளில் நிரந்தர ஓட்டம் கிடைக்காத தொழிலாளர்களின் பெயர்கள் தனிப் பட்டியலொன்றில் இருக்கும். அதை 'எக்ஸ்ட்ரா போர்ட்' எண்டு சொல்லுவினம். ஆள் குறைந்தால் அந்தப் பட்டியலில் மேலே இருப்பவருக்கு அழைப்புப் போகும். வீட்டில போன் இல்லாத காலம். ஆகவே கூப்பிடப் போவது ஒரு சின்னப் பெடியன். 'கோல் போய்' எண்ட அந்தப் பெடியன் நடுச்சாமத்தில் வீடுகளிலும் விடுதிகளிலும் கதவைத் தட்டி ஆட்களை எழுப்புவான். எக்ஸ்ட்ரா போர்டில் இருந்தவர் அவன் வந்து தட்டக்கூடிய தூரத்தில்தான் இருக்கவேணும். பின்னாளில் ரிசேர்வ் விமானியின் இடுப்பில் தொங்கிய பேஜரை அந்தப் பெடியனின் பேரன் எண்டு சொல்லலாம்.

ரயில்காரரிடமிருந்து விமானிகள் எடுத்துக்கொண்ட இன்னொன்று சேவை மூப்பு. யார் முதலில் வேலைக்குச் சேர்ந்தாரோ அவருக்கு முதல் தெரிவு. எங்கட தலைமுறைக்கு இந்தச் சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வரும். ஆனால் அது எதுக்கு எதிராக வந்தது எண்டு பார்க்கவேணும்.

1919 ஜூலையில் அமெரிக்கத் தபால் திணைக்களத்தின் விமானிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மூடுபனிக்குள் பறக்க மறுத்த இருவரைத் திணைக்களம் வேலையால் நிறுத்தியதுதான் காரணம். பறப்பதா இல்லையா எண்டதை விமானத்தில் இருக்கிறவர் தீர்மானிப்பதா, மேசையில் இருக்கிறவர் தீர்மானிப்பதா எண்டதே அன்றைய சண்டை. தனியார் கொம்பனிகள் வந்த பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. யாருக்கு எந்தப் பாதை, யாருக்கு எந்த இரவு எண்டதெல்லாம் மேலதிகாரியின் கையில். அவருக்குப் பிடித்தவனுக்கு நல்ல வானிலை, கதைகேட்காதவனுக்கு மலையும் பனியும். 1931இல் சிக்காகோவில் டேவிட் பென்கி எண்ட விமானியின் முயற்சியில் எயார் லைன் பைலட்ஸ் அசோசியேஷன் உருவானது. அதைத் தொடங்கியவர்கள் வேலை போய்விடும் எண்ட பயத்தில் இரகசியமாகத்தான் கூடிக் கதைத்தார்கள்.

அந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது. அடுத்த வருஷம், 1932 பெப்ரவரியில், ஈ. எல். கோர்ட் எண்ட முதலாளி தன்னுடைய செஞ்சரி எயார் லைன்ஸ் விமானிகளின் சம்பளத்தை வெட்டினார். குறைந்த சம்பளத்துக்குத் திரும்ப விண்ணப்பிக்கச் சொன்னார். அவர்கள் மறுத்தார்கள். அப்போது காங்கிரஸ் உறுப்பினராக இருந்த, பின்னால் நியூயோர்க் மேயரான லாகார்டியா சபையில் விமானிகளுக்காகப் பேசினார். அந்த விமானிகளுக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் கோர்ட்டும் அந்த வருஷமே தன் விமானக் கொம்பனிகளை விற்றுவிட்டார்.

1934 மே மாதத்தில் தேசிய தொழில் சபை கொடுத்த 'தீர்ப்பு 83' விமானிகளின் மாதப் பறப்பு நேரத்தை 85 மணித்தியாலமாக மட்டுப்படுத்தியது. 1938இன் சிவில் விமானச் சட்டம் அந்தத் தீர்ப்பைக் கொம்பனிகள் பின்பற்றவேணும் எண்டு எழுதியது. பெரிய வெற்றிதான். ஆனால் அதில் எண்ணப்பட்டது பறந்த நேரம் மட்டும். பின்னால் வந்த அரச விதிகளும் உள்நாட்டுப் பறப்புகளுக்கு 7 நாளில் 30 மணித்தியாலம், மாதத்தில் 100, வருஷத்தில் 1000 எண்டு பறப்பையே எண்ணின. தரையில் போனுக்குப் பக்கத்தில் இருந்த நேரத்தை எந்தக் கணக்கில் போடுவது எண்டு ஒருவரும் தெளிவாக எழுதவில்லை.

போருக்குப் பிறகு ஒப்பந்தங்கள் பெருகின. சேவை மூப்பு விமானியின் வாழ்க்கையையே ஆளத் தொடங்கியது. இது இப்படித்தான் நடக்கும். கொம்பனி அடுத்த மாதத்துப் பறப்புகளை 'லைன்' எண்டு கட்டுக்கட்டாகப் பிரித்து வெளியிடும். விமானிகள் விருப்ப வரிசை கொடுப்பார்கள். பட்டியலில் முதலாமவர் கேட்டது அவருக்கு. இரண்டாமவருக்கு மிச்சத்தில் நல்லது. இப்படியே இறங்கி வர, கீழே நிற்பவர்களுக்கு லைன் முடிந்துவிடும். அவர்களுக்குக் கிடைப்பது ரிசேர்வ். நத்தாரும் புதுவருஷமும் யாருக்கு எண்டு நாங்கள் சொல்லத் தேவையில்லை. ஒருவரும் விரும்பி எடுக்காத பறப்பைக் கட்டாயப்படுத்திக் கொடுக்கேக்க மட்டும் வரிசை தலைகீழாகும். கடைசியாகச் சேர்ந்தவருக்குத்தான் முதல் அழைப்பு.

மேலதிகாரியின் விருப்புவெறுப்பை ஒழித்த முறை இது. இதில் லஞ்சம் செல்லாது, முகத்துதி செல்லாது. அதை நாங்கள் குறைவாக மதிக்கவில்லை. ஆனால் நிச்சயமின்மை எண்ட பாரத்தை அது ஒழிக்கவில்லை, இளையவர்களின் தலையில் இறக்கி வைத்தது. 'நாங்களும் ஒருகாலத்தில் அப்பிடித்தான் இருந்தனாங்கள், உங்களுக்கும் முறை வரும்' எண்டதுதான் மூத்தவர்களின் பதில். பட்டியல் நகர்ந்துகொண்டு இருக்கும்வரை அது நியாயமான பதிலும்கூட.

நகராவிட்டால்? சேவை மூப்பு கொம்பனிக்குள் மட்டும்தான் செல்லுபடியாகும். 1991இல் ஈஸ்டர்னும் பான் ஆமும் மூடப்பட்டபோது, இருபது வருஷம் பறந்த கப்டன்மார் வேறு கொம்பனியில் கடைசி இலக்கத்தில் தொடங்கவேண்டி வந்தது. 2001 செப்டெம்பருக்குப் பிறகு ஆயிரக்கணக்கான இளைய விமானிகள் வேலையிலிருந்து இடைநிறுத்தப்பட்டார்கள். அவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்த காலத்தில், 2007 டிசெம்பரில், ஓய்வு வயது 60இலிருந்து 65ஆக உயர்த்தப்பட்டது. மேலே இருந்தவர்களுக்கு இன்னும் ஐந்து வருஷம். கீழே இருந்தவர்களுக்கும் ஐந்து வருஷம்தான், ஆனால் ரிசேர்வில்! அந்தச் சட்டத்தின் பெயரே 'அனுபவமிக்க விமானிகளுக்கு நியாயமான நடத்தை' எண்ட பொருளில் வைக்கப்பட்டது. நியாயம் எண்ட சொல்லை யார் முதலில் கைப்பற்றுகிறார்கள் எண்டதும் அரசியல்தான்.

ரிசேர்வ் வாழ்க்கை எப்படி இருக்கும் எண்டதுக்கு நியூயோர்க்கின் குயீன்ஸ் பகுதியிலுள்ள கியூ கார்டன்ஸைப் பார்க்கலாம். விமானப் பணியாளர் நிறையப் பேர் தங்குவதால் அதைப் பகிடியாகக் 'குரூ கார்டன்ஸ்' எண்டு சொல்லுவினம். ஒரு வீட்டில் பலர், அடுக்குக் கட்டில்கள், ஒருவர் எழும்பிப் போக இன்னொருவர் வந்து படுக்கிறது. இப்படியான இடங்களுக்கு 'கிராஷ் பாட்' எண்டு பெயர். லைன் வைத்திருக்கும் விமானி வேறொரு நகரத்தில் குடும்பத்தோடு இருந்துவிட்டுப் பறப்புக்கு மட்டும் வரலாம். ரிசேர்வில் இருப்பவர் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் தன் தளத்துக்குப் பக்கத்திலேயே கிடக்கவேணும். பறக்காவிட்டாலும் மாதத்துக்கு ஒரு உறுதிச் சம்பளம் உண்டு எண்டதையும் சொல்லவேணும். ஆனால் புதிதாகச் சேர்ந்தவரின் மணித்தியாலச் சம்பளத்தில் கணக்குப் பார்த்தால் அது வாடகைக்கும் காணாது எண்ட நிலைமை பலருக்கு இருந்தது.

இனித்தான் உண்மையான ஆபத்து. ஒருவர் காலை 7 மணிக்கு எழும்புகிறார். 10 மணியிலிருந்து போனுக்குப் பக்கத்தில் இருக்கிறார். அழைப்பு இல்லை. இரவு 9 மணிக்குப் போன் அடிக்குது. 11 மணிக்கு விமானத்தில் ஏறி விடிய 5 மணிக்கு இறக்குகிறார். கொம்பனியின் கணக்கில் அவர் நாள் முழுக்க வீட்டில் இருந்தவர், களைப்பே இல்லை. உடம்பின் கணக்கில் அவர் 22 மணித்தியாலம் முழித்திருக்கிறார். வங்கியில் காசு போடுகிற மாதிரி நித்திரையைப் பகலில் போட்டு வைத்து இரவில் எடுக்க ஏலாது.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஓய்வு எண்டால் என்ன எண்டு கடிதங்கள் மூலம் விளக்கிக்கொண்டு வந்தது. ஓய்வு தொடர்ச்சியாக இருக்கவேணும், முன்கூட்டியே தெரிந்திருக்கவேணும், வேலைக்கான எந்தப் பொறுப்பும் அதற்குள் இருக்கக்கூடாது. போன் அடித்தால் போகவேணும் எண்ட பொறுப்பே ஓய்வைக் கெடுக்கும் எண்டதுதான் இதன் பொருள். 2000 நவம்பரில் வந்த ஒரு கடிதம் விமானிகளிடையே பிரபலம். ஒரு பறப்பு முடியும் நேரத்திலிருந்து 24 மணித்தியாலம் பின்னோக்கிப் பார்த்தால் குறைந்தது 8 மணித்தியாலம் உண்மையான ஓய்வு இருக்கவேணும், அதுவும் அட்டவணை நேரத்தை வைத்தல்ல, உண்மையில் பறந்த நேரத்தை வைத்துப் பார்க்கவேணும் எண்டது அது. கேள்வி கேட்டு அந்தக் கடிதத்தை வாங்கியது அமெரிக்கன் எயார்லைன்ஸ் விமானிகளின் சங்கம். கொம்பனிகளின் அமைப்பு வழக்குப் போட்டது. 2002இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் நிர்வாகத்தின் பக்கமே தீர்த்தது.

பிறகும் முழுமையான விதி வர ஒரு விபத்துத் தேவைப்பட்டது. 2009 பெப்ரவரி 12ஆம் திகதி இரவு கோல்கன் எயார் 3407 பஃபலோ அருகில் வீடொன்றின் மேல் விழுந்து 50 பேர் இறந்தார்கள். துணை விமானி முதல் நாள் இரவு சியாட்டிலிலிருந்து மெம்பிஸ் ஊடாகச் சரக்கு விமானங்களில் நாட்டைக் கடந்து வேலைக்கு வந்தவர். கப்டன் நியூவார்க்கில் பணியாளர் அறையில் இரவைக் கழித்தவர். விபத்துக்குக் காரணம் களைப்பு எண்டு விசாரணை சொல்லவில்லை. கப்டன் கட்டுப்பாட்டைப் பிழையாகக் கையாண்டதே காரணம், களைப்பு அவர்களைப் பாதித்திருக்கக்கூடும், எவ்வளவு எண்டு அளக்க முடியாது எண்டுதான் சொன்னது. இறந்தவர்களின் குடும்பங்கள் வோஷிங்டனில் விடாமல் நின்றார்கள். 2010இல் காங்கிரஸ் சட்டம் செய்தது. அதன்படி வந்த புதிய விதி 2014 ஜனவரி 4ஆம் திகதி அமுலுக்கு வந்தது.

எங்கட கேள்விக்கு அந்த விதி மூன்றாகப் பிரித்துப் பதில் சொல்லுது. விமான நிலையத்திலேயே காத்திருந்தால் அது முழுக்க வேலை, முதல் நிமிஷத்திலிருந்து கணக்கு ஓடும். கொஞ்ச நேரத்தில் வரவேண்டிய தூரத்தில் காத்திருந்தால் அது வேலையுமில்லை ஓய்வுமில்லை. அந்தக் காத்திருப்பு 14 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது, அதுக்கு முன்னால் 10 மணித்தியாலம் ஓய்வு கொடுக்கவேணும். மேலதிக விமானி இல்லாத பறப்பெண்டால், காத்திருப்புத் தொடங்கியதிலிருந்து வேலை முடியும்வரை 16 மணித்தியாலத்துக்கு மேல் போகவும் ஏலாது. மூன்றாவது வகையில் அழைப்புக்குப் பிறகு முழு ஓய்வும் எடுத்துவிட்டு வர நேரம் கிடைக்கும். ஆகவே அதுக்கு இந்த மணிக்கணக்கு இல்லை. சரக்கு விமானிகளை மட்டும் செலவைக் காரணம் காட்டி வெளியே விட்டுவிட்டார்கள். பெட்டிகளை ஏற்றினால் நித்திரை வராதாக்கும்!

விதி களைப்பைத்தான் அளக்குது. அந்தக் காத்திருப்பை யார் சுமப்பது எண்டதை அது தொடவில்லை, அதை இன்னும் சேவை மூப்புத்தான் தீர்மானிக்குது. 2017 நவம்பரில் அமெரிக்கன் எயார்லைன்ஸின் கணினியில் ஒரு கோளாறு வந்தது. தங்கட டிசெம்பர் பறப்புகளைக் கைவிட விமானிகள் கேட்டதை எல்லாம் அது அனுமதித்துவிட்டது. 15,000க்கு மேற்பட்ட பறப்புகளுக்கு ஆள் இல்லை எண்டு சங்கம் சொன்னது. நத்தாருக்குப் பறக்க முன்வருவோருக்கு ஒன்றரை மடங்கு சம்பளம் தருவதாகக் கொம்பனி அறிவித்தது. எங்களோடு பேசாமல் எப்படி அறிவிப்பீர்கள் எண்டு சங்கம் முறைப்பாடு போட்டது. பயணிகள் பயப்படத் தேவையில்லை, நிலைமையைச் சமாளிக்க எங்களிடம் ரிசேர்வ் விமானிகள் இருக்கிறார்கள் எண்டும் கொம்பனி அந்த வாரம் சொன்னது.