ஐந்து பழம்பாடகர்களும் ஒரு புதுப்பாட்டும்



பணி ஓய்வு பெறும் ஆசிரியருக்கு விழா எடுப்பதில் நம் தமிழ்ப்பள்ளிகளை விஞ்ச ஆளில்லை. மாலை, பொன்னாடை, நினைவுப் பரிசு, வாழ்த்துரை என எதிலும் குறை வைப்பதில்லை. ஆனால், விழா முடிந்த மறுநாள் அந்த மனிதரை அழைத்துப் புதிய வேலை ஒன்றைச் சேர்ந்து செய்வோமா என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. மூத்தவரைப் போற்றுவது வேறு. மூத்தவரோடு சேர்ந்து உழைப்பது வேறு. இந்த வேறுபாட்டை எண்ணும்போதெல்லாம், நமக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு வரலாறு என் நினைவுக்கு வருகிறது. 1988-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்தது அது. நாயகர்கள் ஐவரும் ராக் இசைப் பாடகர்கள்.

ராக் இசை என்றதும் பெற்றோர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சற்றுப் பொறுத்தருள்க! பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில் விடுதி அறைத்தோழர் ஒருவர் வைத்திருந்த ஒலிநாடாவின் வழியே இவர்கள் எனக்கு அறிமுகமானார்கள். அன்று பாடல்களைத்தான் கேட்டேன். பாடியவர்களின் கதையைப் பல ஆண்டுகள் கழித்தே தேடிப் படித்தேன்.

ராக் இசை இளைஞர்களுக்கென்றே பிறந்த இசை. 1950களில் அது தோன்றியபோது பாடியவர்களும் கேட்டவர்களும் பெரும்பாலும் இருபது வயதை ஒட்டியவர்கள். நாற்பதை எட்டிய ராக் பாடகர் அடுத்து என்ன செய்வது என்பதற்கு முன்மாதிரியே கிடையாது. பழைய பாடல்களையே ஊர் ஊராகப் பாடிக் காலம் தள்ளலாம். இல்லையேல் ஒதுங்கிக் கொள்ளலாம். நம் ஊரில் எழுபது வயதிலும் மேடையேறும் கருநாடக இசைக்கலைஞரைக் கண்டு பழகிய நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றும்.

1980களில் அந்தத் தலைமுறை முழுவதும் இந்த இக்கட்டில் சிக்கியது. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1982-இல் வெளியிட்ட இசைத்தொகுப்பை வாங்க ஆளில்லை. அதன்பின் ஐந்தாண்டுகள் புதிய தொகுப்பு எதையும் அவர் வெளியிடவில்லை. பாப் டிலன் நிலைமையும் மோசம். 1987 வாக்கில் தாம் தீர்ந்துபோய்விட்டதாகவே உணர்ந்ததை 2004-இல் வெளியான தன்வரலாற்று நூலில் அவரே ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். எலெக்ட்ரிக் லைட் ஆர்க்கெஸ்ட்ரா குழுவை நடத்திய ஜெஃப் லின், 1986-இல் அதைக் கலைத்துவிட்டுப் பிறருடைய இசைத்தொகுப்புகளை உருவாக்கித் தரும் பணியில் இறங்கியிருந்தார். ஐவரில் இளையவரான டாம் பெட்டியின் வீட்டுக்கு 1987 மே மாதம் யாரோ தீ வைத்துவிட்டார்கள்.

ஐந்தாமவர் ராய் ஆர்பிசன். இவரைப் பற்றித்தான் நான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

டெக்சஸ் மாநிலத்தில் 1936-இல் பிறந்தவர். கருப்புக் கண்ணாடி அணிந்து, மேடையில் அசையாமல் நின்று, தாழ்ந்த குரலில் தொடங்கி எட்டாத உச்சத்துக்கு ஏறிப் பாடுவார். 1960 முதல் 1964 வரை அவர் தொட்டதெல்லாம் பொன். 1963-இல் பிரிட்டனில் பீட்டில்ஸ் குழுவோடு ஒரே மேடைகளில் பாடினார். அப்போது ஆர்பிசனுக்கு 27 வயது, ஹாரிசனுக்கு 20. பீட்டில்ஸ் குழுவின் புகழ்பெற்ற ‘பிளீஸ் பிளீஸ் மீ’ பாடலை ஜான் லெனன் முதலில் எழுதியது, ஆர்பிசனைப் போலவே மெதுவாகப் பாட வேண்டும் என்ற ஆசையில்தான்.

பிறகு விதி விளையாடியது. 1966-இல் அவருடைய மனைவி மோட்டார்சைக்கிள் விபத்தில் இறந்தார். 1968-இல் வீடு தீப்பற்றி மகன்கள் இருவர் மாண்டனர். பாடல்கள் விலைபோகவில்லை. 1978-இல் நெஞ்சைத் திறந்து இதய அறுவைச் சிகிச்சை நடந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பழைய பெயரை வைத்துக்கொண்டு சிறு அரங்குகளில் பாடி வந்தார்.

1987-இல் பொன்னாடை வந்து சேர்ந்தது! அவ்வாண்டு சனவரியில் ராக் இசைப் பெருமக்கள் மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அறிமுகவுரை ஆற்றியவர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். செப்டம்பரில் லாஸ் ஏஞ்சல்சில் அவருக்காகவே ஓர் இசைநிகழ்ச்சி படமாக்கப்பட்டது. ஸ்பிரிங்ஸ்டீன், எல்விஸ் காஸ்டெல்லோ, டாம் வெயிட்ஸ், பானி ரெயிட் எனப் பெரும்புள்ளிகள் எல்லாரும் பின்னணிக் கலைஞர்களாக நின்றார்கள். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சிதான். ஆயினும், அன்று அவர் பாடியவற்றில் பெரும்பகுதி பழம்பாடல்களே. அவர் முன்பு செய்ததற்குச் செலுத்திய நன்றி அது.

அடுத்த ஆண்டு நடந்தது வேறு வகை.

1988 ஏப்ரல். லின்னின் துணையோடு உருவாக்கிய ‘கிளவுட் நைன்’ தொகுப்பால் ஹாரிசன் மீண்டும் தலைநிமிர்ந்திருந்தார். அத்தொகுப்பிலிருந்து ஒரு பாடலைத் தனித்தட்டாக ஐரோப்பாவில் வெளியிடுவதற்கு, மறுபக்கத்தில் சேர்க்க இன்னொரு பாடல் தேவைப்பட்டது. மறுபக்கப் பாடல் என்பது இடத்தை நிரப்பும் பொருள். யாரும் பெரிதாகக் கவனிக்க மாட்டார்கள். லாஸ் ஏஞ்சல்சில் இருந்த ஹாரிசன், லின்னோடும் ஆர்பிசனோடும் இரவுணவு அருந்தியபோது, ஒரு நாளில் எதையாவது பதிவு செய்துவிடலாம் என்றார். ஆர்பிசன் தாமும் வந்து பார்ப்பதாகச் சொன்னார். அவசரத்துக்கு ஒலிப்பதிவுக்கூடம் கிடைக்காததால், மாலிபு கடற்கரைப் பகுதியில் இருந்த டிலனின் வீட்டுக் கார்க்கொட்டகையில் உள்ள சிறு கூடத்தை ஹாரிசன் தொலைபேசியில் கேட்டுப் பெற்றார். அவருடைய கித்தார் பெட்டியின் வீட்டில் இருந்தது. அதை எடுக்கப் போன இடத்தில் பெட்டியையும் அழைத்துக்கொண்டார். ஐவரும் கூடிய கதை இவ்வளவுதான். கூட்ட அறிக்கை இல்லை, செயற்குழு இல்லை!

வேடிக்கை பார்க்க வந்த ஆர்பிசனைச் சும்மா இருக்க விடவில்லை ஹாரிசன். இப்படி ஒரு குரல் பக்கத்தில் இருக்கும்போது நாம் மட்டும் பாடுவதா என்று, அவருக்கென்றே பாடலில் ஒரு பகுதியை அமைத்தார். வரிகளுக்கு என்ன செய்வது என்று திகைத்த வேளையில், கொட்டகையில் கிடந்த ஒரு பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தாள் கண்ணில் பட்டது. கவனமாகக் கையாளவும் என்று பொருள்தரும் ‘ஹேண்டில் வித் கேர்’ என்னும் அறிவிப்பு அது. பாடலின் தலைப்பும் அதுவே ஆயிற்று. அடிபட்டு நொந்த மனிதர்கள் பாடுவதற்கு அதைவிடப் பொருத்தமான தலைப்பு வாய்த்திருக்காது.

பதிவைக் கேட்ட வார்னர் நிறுவனத்தார், இதை மறுபக்கத்தில் ஒளித்து வைப்பது வீண் என்று கருதினர். ஹாரிசனோ, ஒரு முழுத் தொகுப்பே செய்துவிடலாம் என முடிவெடுத்தார். இதற்காக ஹாரிசன், லின், பெட்டி மூவரும் ஆர்பிசன் பாடிக்கொண்டிருந்த அனஹைம் நகருக்கே காரில் சென்று அவரை நேரில் கேட்டனர். அவர் சம்மதித்தார். உலகையே ஆட்டிப் படைத்த பீட்டில்ஸ்காரர், 52 வயதுப் பாடகரிடம் எங்கள் குழுவில் சேர்வீர்களா என்று போய் நிற்கிறார்! இந்த இடத்தை வாசிக்கும்போது, ஹாரிசனின் பழைய செய்கை ஒன்று எனக்கு நினைவு வரும். 1966-இல், புகழின் உச்சியில், 23-ஆம் வயதில், பண்டிட் ரவிசங்கரிடம் சித்தார் கற்க இந்தியாவுக்கு வந்து மாணவராகத் தரையில் அமர்ந்தவர் அவர். கற்பவராக அமரத் தெரிந்த மனிதர். அவரைப் போன்ற ஒருவர் அழைத்திராவிட்டால் இந்தக் குழு கூடியிருக்காது என்பது என் கணிப்பு.

சூன் மாதத் தொடக்கத்தில் டிலன் இசைப்பயணம் புறப்பட வேண்டியிருந்ததால் கிடைத்தவை ஏறத்தாழ பத்து நாள்களே. இசைக்கலைஞர் டேவ் ஸ்டூவர்ட்டின் லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டில் மே மாதம் வேலை நடந்தது. ஐந்து கித்தார்களோடு வட்டமாக அமர்ந்து மெட்டமைப்பார்கள். சமையலறையிலேயே கித்தார் இசையைப் பதிவு செய்தார்கள். உணவு மேசையைச் சுற்றி வரிகள் எழுதப்பட்டன. ஒருவர் சொன்ன வரியை அடுத்தவர் திருத்துவார். இரவுணவுக்குப் பின் குரல்பதிவு. ஒரே பகுதியை ஆளுக்கொரு முறை பாடிப் பார்த்து, யாருக்குப் பொருந்துகிறதோ அவருக்கே அது என்று விட்டுக்கொடுத்தார்கள். அப்போது ஹாரிசனுக்கு 45 வயது, லின்னுக்கு 40, பெட்டிக்கு 37. டிலன் அந்த மாத இறுதியில்தான் 47-ஐ எட்டினார். (எங்கள் ஆசிரியர் ஓய்வறைக் கணக்கில் இவர்கள் எல்லாரும் இளைஞர்களே!)

அவர்கள் சூடிக்கொண்ட பெயர் மொழியாசிரியர்களுக்குச் சுவையளிக்கும். ‘கிளவுட் நைன்’ பதிவின்போது கருவிகளால் நேர்ந்த சிறு கோளாறுகளுக்கு ஹாரிசனும் லின்னும் வைத்த செல்லப்பெயர் ‘வில்பரி’. அவற்றை ஒலிக்கலவையில் புதைத்துவிடுவோம் என்ற ஆங்கிலத் தொடரின் மரூஉ அது. அதையே குடும்பப்பெயராக்கி, ‘டிராவலிங் வில்பரிஸ்’ என்று குழுவுக்குப் பெயரிட்டார்கள். தாங்கள் ஐவரும் ஒரே தந்தைக்குப் பிறந்த சகோதரர்கள் என்று ஒரு கட்டுக்கதையும் புனைந்தார்கள். 1988 அக்டோபரில் வெளிவந்த முதல் தொகுப்பில் ஐவரின் உண்மைப் பெயர் எங்கும் இல்லை. ஹாரிசன் நெல்சன் ஆனார். டிலன் லக்கி ஆனார். ஆர்பிசன் லெஃப்டி ஆனார். முகங்கள் அட்டையில் இருந்ததால் யாரும் ஏமாறவில்லை. ஆனால், பாப் டிலன் என்ற பெயரின் பாரத்தைப் பத்து நாள்களுக்காவது இறக்கி வைக்க முடிந்தது அந்த மனிதரால்.

அந்தப் பாடல்கள் தலைசிறந்தவையா? ஆர்வத்தில் மிகைப்படுத்த விரும்பவில்லை. டிலன் 1960களில் எழுதியவற்றின் அருகே வைத்தால் இவை எடை குறைந்தவை. சில வெறும் வேடிக்கைப் பாடல்கள். ஆனால், ஆர்பிசன் தனித்துப் பாடும் ‘நாட் அலோன் எனி மோர்’ பாடலைக் கேட்டால், இருபதாண்டு இடைவெளி எங்கே போயிற்று என்று வியப்பீர்கள். குரல் மங்கவே இல்லை. அதுவரை அதற்குப் புதுப்பாடல்கள்தாம் சரியாக வாய்க்கவில்லை.

தொகுப்பு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 3-ஆம் இடம்வரை ஏறியது. 1990-இல் கிராமி விருதும் பெற்றது. ஆர்பிசன் அந்த விருதைக் காணவில்லை. 1988 டிசம்பர் 6-ஆம் நாள், தொகுப்பு வெளியாகி ஏழு வாரங்கள் முடிந்த நிலையில், டென்னசியில் மாரடைப்பால் காலமானார். அவருக்கு வயது 52. லின், பெட்டி முதலியோரின் துணையுடன் அவர் பாடி முடித்திருந்த ‘மிஸ்டரி கேர்ள்’ என்ற தனித்தொகுப்பு மறைவுக்குப் பின் வெளிவந்தது. 1989-இல் அந்தத் தொகுப்பும் வில்பரிஸ் தொகுப்பும் ஒரே வேளையில் அமெரிக்காவின் முதல் ஐந்து இடங்களுக்குள் இருந்தன. ஏப்ரலில் அந்த இரவுணவு நடக்காமல் ஓராண்டு தள்ளிப்போயிருந்தால், வில்பரிஸ் தொகுப்பில் அவர் குரல் இருந்திருக்காது.

‘எண்ட் ஆஃப் தி லைன்’ பாடலின் காட்சிப்பதிவு அவர் இறந்தபின் எடுக்கப்பட்டது. ஓடும் தொடர்வண்டிக்குள் நால்வர் அமர்ந்து பாடுவார்கள். ஆர்பிசனின் குரல் வரும் இடத்தில், ஓர் ஆடும் நாற்காலியும் அதன்மீது அவருடைய கித்தாரும் ஒரு நிழற்படமும் தோன்றும். நாற்காலி ஆடிக்கொண்டிருக்கும். வேறொன்றும் சொல்ல மாட்டார்கள்.

எஞ்சிய நால்வர் 1990-இல் இன்னொரு தொகுப்பைக் கொண்டுவந்தனர். அது இரண்டாவது தொகுப்பு. குறும்புக்கார ஹாரிசன் அதற்கு ‘மூன்றாம் தொகுதி’ என்று பெயரிட்டார். லெஃப்டிக்குக் காணிக்கையாக்கப்பட்ட அதில் ஆர்பிசனின் இடத்துக்கு வேறு யாரையும் சேர்க்கவில்லை. அமெரிக்காவில் 11-ஆம் இடம்வரை சென்றது, பிழையில்லாத வேலை. முதல் தொகுப்பின் களிப்பை மட்டும் அதில் காணோம். தங்களைவிட மூத்த ஒருவரை நன்றாகப் பாட வைக்க வேண்டும் என்ற ஆவல் முதல்முறை அந்த அறையில் இருந்தது. இரண்டாம் முறை அதற்கு ஆளில்லை. குரல் இழப்பைவிட இதுவே பெரிய இழப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. திறனாய்வாளர்கள் வேறு காரணங்கள் சொல்லக்கூடும்.

அதற்குப் பிறகு வில்பரிகள் கூடவில்லை. ஹாரிசன் 2001 நவம்பரில் மறைந்தார். அவர் அரைகுறையாக விட்டுச்சென்ற ‘பிரெயின்வாஷ்டு’ தொகுப்பை, மகன் தானியும் பழைய தோழர் லின்னும் முடித்து 2002-இல் வெளியிட்டார்கள். பெட்டி 2017-இல் மறைந்தார்.

நெடுங்காலம் கடைகளில் கிடைக்காமலிருந்த வில்பரிஸ் தொகுப்புகள் இரண்டும் 2007 சூன் மாதத்தில் ஒன்றாக மறுவெளியீடு கண்டன. ஐரோப்பியத் தனித்தட்டு ஒன்றின் மறுபக்கத்தை நிரப்பத் தொடங்கிய வேலை, 19 ஆண்டுகள் கழித்துப் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது.