மங்கலுக்குக் கூடுதல் விலை

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது பினாங்கின் ஜாலான் டத்தோ கிராமாட்டில் ஓர் இனிப்புப் பெட்டி வாங்கினேன். கறுப்பு அட்டை, நடுவில் தங்க நிற மயில். தொட்டால் பவுடர் பூசிய குழந்தையின் கன்னம் மாதிரி இருந்தது. லட்டு இரண்டு நாளில் தீர்ந்தது; பெட்டியை எறிய மனம் வரவில்லை. ஓரத்தை நகத்தால் கீறி இழுத்தேன். வெங்காயத் தோல் போல ஒன்று உரிந்து வந்தது, மயிலின் பாதித் தோகையையும் சேர்த்துக்கொண்டு.

அதுதான் மேட் ஃபிலிம். சிவகாசியில் 'மேட் லேமினேஷன்' என்று சொன்னால் அச்சகக்காரர் அடுத்த கேள்வி கேட்கமாட்டார். கல்யாணப் பத்திரிகை, புத்தக அட்டை, செல்பேசிப் பெட்டி என்று பலவற்றின் மேலும் இருப்பது இதுதான். கனம் ஏறக்குறைய 15 மைக்ரான்; தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு.

இதன் மூலப்பொருள் பாலிப்ரொப்பிலீன். 1954-இல் இத்தாலியின் மிலான் நகரில் ஜூலியோ நத்தா புரொப்பிலீன் வாயுவை ஒழுங்கான நீண்ட சங்கிலியாகக் கோத்துத் திடப்பொருளாக்கினார். அந்த ஒழுங்குக்கு 'ஐசோடாக்டிக்' என்று பெயர் வைத்தவர் அவர் மனைவி. 1963-இல் கார்ல் சீக்லருடன் நத்தாவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மலேசியாவில் இந்தப் பிளாஸ்டிக் ஜோகூரின் பாசிர் கூடாங்கில் உற்பத்தியாகிறது. ஆலையை விட்டு வரும்போது ஜவ்வரிசி போல இருக்கும்.

ஜவ்வரிசி எப்படித் தாளாகிறது என்பதைப் பினாங்குக்காரருக்கு விளக்குவது சுலபம்: ரொட்டி சானாய் போடுகிறவரைப் பார்த்தால் போதும். உருக்கிய பிளாஸ்டிக்கைக் கனத்த பட்டையாக வார்த்துக் குளிரவைத்து, மறுபடி சூடேற்றி, முதலில் நீளவாக்கில் ஐந்து மடங்கு இழுக்கிறார்கள். பிறகு இரு ஓரங்களையும் கிளிப்புகள் கவ்விக்கொள்ள, சூளைக்குள் அகலவாக்கில் எட்டு, ஒன்பது மடங்கு. மாவு கிழியாமல் விரிகிற அதே வித்தைதான்; வீசும் கைக்குப் பதில் ஒரு நீண்ட இயந்திரம்.

இப்படி விரியும் தாள் கண்ணாடி போலப் பளபளக்கும். பளபளப்பு அதன் பிறவிக்குணம். அதை மங்கவைக்கத்தான் தனியாக வேலை செய்ய வேண்டும். வார்க்கும்போதே மேற்புறத்தில் ஓரிரு மைக்ரான் கனத்துக்கு வேறொரு கலவையைச் சேர்க்கிறார்கள்: பாலிப்ரொப்பிலீனோடு, அதனுடன் ஒத்துப்போகாத பாலிஎத்திலீன். எண்ணெயும் தண்ணீரும் போல இரண்டும் கலக்க மறுக்கும். இழுக்கும்போது அந்தப் பிணக்கு மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளமாகிறது. விழும் வெளிச்சம் நேராகத் திரும்பாமல் நாலாபுறமும் சிதறுகிறது. ஒரு ரிங்கிட் நொறுக்குத்தீனிப் பாக்கெட் மின்னுகிறது, முந்நூறு ரிங்கிட் வாசனைத் திரவியத்தின் பெட்டி மங்கிக் கிடக்கிறது. மங்கலுக்குத்தான் கூடுதல் காசு. இதில் இன்னொரு கூத்து, மேட் கறுப்பில் நகக்கீறலும் விரல் ரேகையும் பளிச்சென்று தெரியும்.

பாலிப்ரொப்பிலீன் மேல் பசையோ மையோ எளிதில் நிற்காது. அதனால் ஒரு பக்கத்தில் மின்பொறி பாய்ச்சி ஒட்டும் குணம் வரவழைக்கிறார்கள். பிறகு பசை பூசிய ஃபிலிமும் அச்சான அட்டையும் சூடான உருளைக்கடியில் ஒன்றாக நசுங்குகின்றன. அதன்பின் இரண்டையும் சேதமில்லாமல் பிரிப்பது பெரும்பாடு.

நான் பெட்டி வாங்கிய இதே சாலையில்தான் ஒரு காலத்தில் வெள்ளீயம் உருகியது. கிந்தா பள்ளத்தாக்கின் லம்பங்கள் எனும் சுரங்கங்களில் எடுத்த தாதுவை ஈஸ்டர்ன் ஸ்மெல்ட்டிங் ஆலை இங்கே உருக்கிக் கட்டிகளாக வார்த்துக் கப்பலேற்றியது. இரும்புத் தகட்டின் மேல் மெல்லிய வெள்ளீயப் பூச்சு: அதுவே அந்தக் காலத்து லேமினேஷன், பால் டின்னும் பிஸ்கட் டின்னும் அதில் பிறந்தவை. எங்கள் வீட்டுச் சதுர பிஸ்கட் டின்னில் அம்மா எத்தனை தீபாவளிக்கு முறுக்கு போட்டு வைத்தார் என்று எண்ண முடியாது. துருப்பிடித்த பிறகும் பழைய இரும்புக்காரர் அதை வாங்கிக்கொண்டார். 1985 அக்டோபரில் உலக வெள்ளீயச் சந்தை சரிந்தது. ஆலை நின்ற இடத்தில் இன்று பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர்.

என் பெட்டியை எந்த இரும்புக்காரரும் கேட்கவில்லை. நம் மறுசுழற்சித் தொட்டிகளில் நீலம் காகிதத்துக்கு, ஆரஞ்சு பிளாஸ்டிக்குக்கு. இது இரண்டும்தான், அதனால் இரண்டிலும் சேராது. காகித ஆலைத் தொட்டியில் ஊறி அட்டை கூழானாலும், சல்லடையில் தங்கும் ஃபிலிமில் பசையும் மையும் அப்பியிருக்கும். அதை வாங்க ஆள் கிடைப்பது கடினம். இப்படி விலைபோகாதவை போகுமிடம் கடலுக்கு அந்தப் பக்கம் உள்ள புலாவ் புரோங் குப்பைமேடு. 2022 ஜனவரியில் அங்கே பற்றிய தீ பல நாள் புகைந்தது.

அடுத்த முறை அழகான பெட்டி ஒன்று வீட்டுக்கு வந்தால், நீலத் தொட்டிக்குப் போகுமுன் ஓரத்தைச் சற்றுக் கிழித்துப் பாருங்கள். அட்டை கிழிந்த பிறகும் மேலே ஒரு தோல் இழுபட்டு நின்றால், அந்தப் பெட்டியில் ஊசிநூலோ பட்டன்களோ போட்டு வையுங்கள்.