சர்வர் அடிக்கடி அணைகிறதா? வெப்பமா, மின்சாரமா என்று கண்டறியும் வழி

2023 அக்டோபர் 14ஆம் தேதி, சிங்கப்பூரில் டிபிஎஸ், சிட்டிபேங்க் வாடிக்கையாளர்கள் பலர் ஏடிஎம்மில் பணம் எடுக்கவும் கைப்பேசி வழி பணம் அனுப்பவும் முடியாமல் தவித்தனர். இரு வங்கிகளும் பயன்படுத்திய தரவு மையத்தில் குளிரூட்டும் முறை பழுதாகி, சர்வர்கள் இருந்த இடத்தில் வெப்பம் ஏறியதே காரணம். சுமார் 2.5 மில்லியன் பரிவர்த்தனைகள் தடைபட்டன.

கிளினிக், பள்ளி, கோயில் அலுவலகம் போன்ற இடங்களில் மூலையில் இருக்கும் ஒற்றைச் சர்வருக்கும் இதே ஆபத்து உண்டு. அது நின்றால் நோயாளிக் குறிப்பு, சம்பளப் பட்டியல், ரசீது எல்லாமே நின்றுவிடும்.

அணையும் விதத்தைக் கவனியுங்கள்

முதலில் விசிறி இரைந்து, வேலை மெதுவாகி, பிறகு அணைந்தால் பெரும்பாலும் வெப்பம்தான் காரணம். முன்னறிகுறி இல்லாமல் சட்டென அணைந்தால் மின்சாரத்தைச் சந்தேகிக்கலாம். இடி மின்னலின்போது, அல்லது ஏர்கோன் ஓடத் தொடங்கும் கணத்தில் அணைந்தால் சந்தேகம் வலுக்கும். சர்வரின் நிகழ்வுப் பதிவையும் பாருங்கள். டெல் சர்வரில் ஐடிராக், எச்பி சர்வரில் ஐஎல்ஓ என்ற பகுதியில் வெப்பநிலை, விசிறி, மின்வழங்கி பற்றிய எச்சரிக்கைகள் நேரத்தோடு பதிவாகியிருக்கும்.

வெப்பம் என்றால்

சர்வருக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது நல்லது. சுவரில் அல்ல, சர்வரின் முன்பக்கத்தில் அளந்து பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஏர்கோனை அணைத்துவிட்டு, மூடிய அலமாரிக்குள் சர்வரை ஓடவிடுவது பல அலுவலகங்களில் நடக்கும் தவறு. தூசியை நீக்குமுன் சர்வரை முறையாக அணைத்து, மின்கம்பியைக் கழற்றுங்கள். மேல்மூடியைத் திறந்துவைத்து ஓட்டக்கூடாது. காற்று செல்லும் பாதை கெட்டு, உள்ளே சூடு கூடும்.

மின்சாரம் என்றால்

இரண்டு மின்வழங்கிகள் உள்ள சர்வரில் இரண்டின் விளக்குகளையும் பாருங்கள். பொதுவாகப் பச்சை என்றால் சரி. மஞ்சள் அல்லது சிவப்பு என்றால் கோளாறு. இரண்டையும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் செருகினால், அந்தக் கம்பி பழுதாகும்போது இரண்டுமே அணைந்துவிடும். யுபிஎஸ் பேட்டரி பெரும்பாலும் 3 முதல் 5 ஆண்டுகள்தான் உழைக்கும். சூடான அறையில் அதற்கு முன்பே பலவீனமாகும்.

இவற்றைச் செய்யாதீர்கள்

மின்வழங்கிப் பெட்டியைத் திறக்காதீர்கள். கம்பியைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். கருகிய வாடை வந்தாலோ பிரேக்கர் திரும்பத் திரும்ப விழுந்தாலோ, மீண்டும் போட்டுப் பார்க்காமல் பதிவு பெற்ற வயர்மேனை அழையுங்கள்.

அணைந்த சர்வர் மறுபடி ஓடத் தொடங்கியதும், கோளாறைத் தேடுமுன் தரவுகளைத் தனி வட்டில் நகலெடுங்கள். மின்வழங்கியைப் புதிதாக வாங்கிவிடலாம். பத்தாண்டுக் கணக்கு அழிந்தால் கடையில் வாங்க முடியாது.