அப்பா வெல்டர், பையன் டிப்ளமோ



போன வாரம் ஒரு பழைய மாணவர் போன் செய்தார். என்னிடம் எட்டாவது படித்தவர், இப்போது அவருக்கே ஐம்பது தாண்டிவிட்டது. "சார், பையன் டிப்ளமோ முடிச்சு அப்ரண்டிஸ் சேர்ந்திருக்கான். உதவித்தொகையில பாதி மத்திய அரசு கொடுக்குதாம். நான் வெல்டர் அப்ரண்டிஸா இருந்தப்ப அப்படி ஒண்ணும் இல்லையே?"

நியாயமான கேள்வி. தொழிற்பழகுநர் சட்டம் 1961-இல் வந்தபோது பிட்டர், டர்னர், வெல்டர் பழகும் பிள்ளைகளுக்காகத்தான் வந்தது. சில தொழில்களுக்கு எட்டாவது தேறியிருந்தால் போதும். உதவித்தொகை முழுக்க முதலாளி பொறுப்பு.

அறுபதுகளின் கடைசியில் இன்ஜினியர்களுக்கே வேலை கிடைக்காமல் போனது. 1973-இல் சட்டத்தைத் திருத்தி, பட்டம், டிப்ளமோ படித்தவர்களையும் சேர்த்தார்கள். 1986 திருத்தத்தில் பிளஸ் டூ தொழிற்பிரிவு மாணவர்களும் வந்தார்கள். நம் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்ததோ 1978-இல்! பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டு வழியைப் பிறகு யோசிப்பது நமக்குப் பழக்கம்தானே.

பின்னால் வந்த இந்த மூன்று பிரிவுக்கும் உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. நம் பக்கத்துக்கு அதைப் பார்த்துக்கொள்வது சென்னை தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம். முதலில் வந்த வெல்டர் பையனுக்கு நெடுங்காலம் அந்தப் பங்கு இல்லை. 2016-இல் வந்த ஊக்குவிப்புத் திட்டத்தில்கூட கால் பங்குதான், அதுவும் மாதம் 1,500 ரூபாய்க்கு மேல் போகாது.

இன்னொன்று. பட்டதாரி ஒரு வருஷம் முடித்தால் சான்றிதழ் வந்துவிடும். வெல்டர் பையன் அகில இந்தியத் தேர்வு எழுதித் தேற வேண்டும். அதிகம் படித்தவனுக்குப் பரீட்சை இல்லை, குறைவாகப் படித்தவனுக்கு உண்டு. நாற்பது வருஷம் பரீட்சை வைத்தவன் நான், எனக்கே இது புரியவில்லை.

என் மாணவர் அந்தத் தேர்விலும் தேறினார். பயிற்சி முடிந்த மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை தர வேண்டிய கட்டாயம் முதலாளிக்கு இல்லை என்று சட்டத்தின் 22-ஆம் பிரிவிலேயே இருந்தது. 2014-இல் அதை மாற்றி, பழகியவர்களை வேலைக்கு எடுக்க ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்றார்கள். என்ன கொள்கை என்பது அவர்கள் விருப்பம்.

"பையன் சேர்ந்த இடத்துல அந்தக் கொள்கை என்னன்னு கேட்டு வைங்க" என்றேன். கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். உங்களில் அப்ரண்டிஸாக இருந்தவர்கள் எந்த வருஷம், எந்தப் பிரிவு என்று கீழே எழுதுங்கள்.