கழிவில்லாத் தையல்

ஓர் ஆடைக்கென எடுத்த துணி முழுவதும் அந்த ஆடைக்குள்ளேயே அடங்கும்படி வெட்டித் தைக்கும் முறை கழிவில்லாத் தையல். ஆயத்த ஆடைத் தொழிலில் வெட்டு மேசையிலேயே சுமார் 15 சதவீதத் துணி கழிந்துபோவதாகப் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். கழுத்து வளைவும் கை வளைவும் உள்ள துண்டுகளை எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் இடையே சந்து விழும். திருப்பூரில் ‘பனியன் வேஸ்ட்’ என்று மூட்டை கட்டி, இயந்திரம் துடைக்க விற்கப்படுவதில் இந்தச் சந்துத் துணிகளும் உண்டு.

உடலுக்கேற்ப வளைத்து வெட்டும் பழக்கம் பிற்காலத்தது. நூற்பதும் நெய்வதும் கையால் நடந்த காலத்தில் ஒரு சாண் துணியை எறியவும் யாருக்கும் மனம் வராது. புடவையும் வேட்டியும் கத்தரி படாமலே தறியிலிருந்து உடலுக்கு வந்தன. ரோமானியர் கால எகிப்தில் உடலும் கையும் சேர்ந்த சிலுவை வடிவிலேயே அங்கிகளை நெய்து, பக்கங்களை மட்டும் தைத்துக்கொண்டார்கள்.

இம்முறையின் முழுமையான வடிவம் ஜப்பானியக் கிமோனோ. அதற்கான துணி சுமார் 36 செ.மீ. அகலமும் 12 மீட்டர் நீளமும் கொண்டது. முழு அகலத்தில் இரண்டு உடல் துண்டுகள், இரண்டு கைகள். மீதி நீளத்தை நெடுக்கில் இரண்டாகப் பிளந்தால் ஒரு பாதி முன்பக்க ஓரத் துண்டுகளாகிறது, மறுபாதி கழுத்துப் பட்டியாகிறது. எல்லாமே நேர்வெட்டு. அணிபவர் ஒல்லியானால் மிகுதித் துணி தையலுக்குள் மடிந்துகொள்ளும். தையலைப் பிரித்து, துண்டுகளை மீண்டும் ஒரே நீளமாக இணைத்துத் துவைத்து, மறுபடி ஆடையாகத் தைப்பதும் வழக்கம்.

வட இந்தியக் குர்தாவின் ‘கலி’ இன்னொரு நுட்பம். நீள்சதுரத் துண்டு ஒன்றைக் குறுக்குச் சாய்வில் வெட்டினால் ஒரு முனை குறுகி மறுமுனை அகன்ற இரண்டு துண்டுகள் கிடைக்கும். ஒன்றைத் திருப்பி, குர்தாவின் இரு பக்கங்களிலும் வைத்தால் மார்பில் பிடிப்பும் கீழே விரிவும் வந்துவிடும். ஒரு நூலும் வீணாகாது. நம் ஊரில் உள்பாவாடைக்குக் குறுகிய முனையும் அகன்ற முனையும் மாறிமாறி வரும்படி வெட்டுவதும் இதே கணக்குதான்.

ஐரோப்பாவில் 14ஆம் நூற்றாண்டு முதல் மேலாடைகள் உடலை ஒட்டி வெட்டப்பட்டன. உள்ளே அணிந்த லினன் சட்டை மட்டும் 19ஆம் நூற்றாண்டு வரை சதுரங்களாலும் நீள்சதுரங்களாலும் ஆனது. கையைத் தூக்கும்போது கிழியாதிருக்க அக்குளில் ஒரு சிறு சதுரத்தை மூலைவாக்கில் வைத்தார்கள். 1838இல் லண்டனில் வெளியான ‘தி வொர்க்வுமன்ஸ் கைடு’ இத்தகைய வெட்டுகளைப் படங்களோடு கற்பித்தது.

ஆலைத்துணி மலிந்ததும், தையல் இயந்திரமும் அளவுவாரிக் காகித பேட்டர்னும் வந்ததும் இந்தச் சிக்கனம் தளர்ந்தது. விதிவிலக்காக, இத்தாலியக் கலைஞர் தயாத் 1919இல் வடிவமைத்த ‘டூட்டா’ என்ற எளிய நேர்வெட்டு ஆடையைச் சொல்லலாம். அதன் பேட்டர்னை 1920இல் புளோரன்ஸ் நாளிதழ் ‘லா நாட்சியோனே’ வெளியிட்டது. யாரும் வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம் என்பதே நோக்கம்.

மறுமலர்ச்சிக்கு வித்திட்டது ஒரு மெல்லிய நூல். கனடாவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டோரதி பர்ன்ஹாம் 1973இல் ‘கட் மை கோட்’ நூலை எழுதினார். பல நாட்டு ஆடைகள் துணியில் எப்படி வெட்டப்பட்டன என்று வரைந்து காட்டி, வெட்டைத் தீர்மானித்தது தறியின் அகலமே என்று நிறுவினார். பினாங்கில் பிறந்து நியூயார்க்கில் பெயர்பெற்ற யோலி டெங் போன்ற வடிவமைப்பாளர்கள் இவ்வழியில் ஆடைகள் செய்தனர். டிமோ ரிசானென், ஹாலி மெக்குவிலன் என்ற இரு வடிவமைப்பாளர்களும் 2011இல் ‘யீல்டு’ கண்காட்சியை நடத்தி, 2016இல் இத்துறைக்கான பாடநூலையும் எழுதினர். வீட்டில் தைப்பவர்களுக்காக ஆஸ்திரேலியாவின் லிஸ் ஹேவுட் எழுதிய நூல் 2020இல் வந்தது.

கற்பவர் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது வரிசையை. வழக்கத்தில் மாடல் முதலில், துணி கடைசியில். இங்கே கையிலுள்ள துணியின் அகலத்திலிருந்தே மாடல் பிறக்கிறது. துணியைச் சிறிய அளவில் காகிதத்தில் வெட்டி, அதில் துண்டுகளை நகர்த்திப் பார்ப்பது நல்ல பயிற்சி. மிச்சத் துணி இராது என்பதால், துவைத்துச் சுருங்கவிட்ட பிறகே அளக்க வேண்டும். பெரிய இடர் அளவு மாற்றம்: ஒரு துண்டு ஓர் அங்குலம் வளர்ந்தால் மற்ற எல்லாத் துண்டுகளும் இடம் மாறும். தொழிற்சாலைகள் தயங்குவதற்கு இது முக்கியக் காரணம்.

இரண்டு மீட்டரில் முடியும் சட்டைக்கு மூன்று மீட்டர் எடுத்து, துணுக்குகளையெல்லாம் தேவையற்ற பைகளாகவும் மடிப்புகளாகவும் ஒட்டிவைத்தால் அதைச் சிக்கனம் என்று ஏற்க முடியாது. புதிதாகக் கற்பவர்கள் உள்பாவாடையில் தொடங்கி, கலி வைத்த குர்தாவுக்குப் போகலாம். கழுத்து வளைவில் விழும் சிறு துண்டைப் பித்தான் பட்டியின் உள்ளே வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள்.