செய்முறை நினைவு: திண்டுக்கல் பூட்டை முன்வைத்து

செய்முறை நினைவு என்பது வாயால் விளக்க வராவிட்டாலும் கையால் செய்துகாட்ட வருகிற அறிவு. நிலக்கோட்டைப் பூச்சந்தையில் மல்லிகை தொடுப்பவர் விலை பேசிக்கொண்டே தொடுப்பார்; நார் எந்த விரலைச் சுற்றுகிறது என்று கேட்டால் தொடுப்பதை நிறுத்திவிட்டுத்தான் சொல்வார். நினைவாற்றல் என்றவுடன் நாம் ஒப்பிப்பதையும் தேர்வையும் எண்ணுகிறோம். கையின் அறிவுக்கு அந்த மதிப்பைத் தருவதில்லை. இது தவறு என்பதற்குத் திண்டுக்கல் பூட்டுப் பட்டறையே போதுமான சான்று.

2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு, மாங்காய்ப் பூட்டு முதலிய வகைகளில் கையாலேயே செய்யப்படுகிறது. உள்ளே லீவர்கள் எனப்படும் சிறு தகடுகள் அடுக்கடுக்காக நிற்கும். சாவி ஒவ்வொன்றையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் நகராது. தொழிலாளி சாவியை நுழைத்துத் திருப்புவார், எங்கே சிக்குகிறது என்று விரலால் உணர்வார், அந்த இடத்தில் மட்டும் அரத்தால் ஓரிரு இழுப்பு அராவுவார், மறுபடி திருப்புவார். போதும் என்று கைக்குத் தெரிகிற அந்தக் கணத்தை எந்த அளவுகோலும் அவருக்குச் சொல்லவில்லை.

இது பழக்கம்தானே, நினைவு எப்படி ஆகும் என்று கேட்கலாம். அதற்கு விடை ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கரிடம் கிடைத்தது. வலிப்பு நோய்க்காக 1953இல் செய்த அறுவையில் இவரது மூளையின் இருபுறமும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கு அகற்றப்பட்டது. அதன்பின் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியை உளவியலாளர் பிரெண்டா மில்னர் கொடுத்தபோது, நாளுக்கு நாள் பிழை குறைந்தது. ஒவ்வொரு நாளும் இதற்கு முன் செய்ததே இல்லை என்றுதான் அவர் நினைத்தார். ஒரே ஆளை வைத்து முடிவு கட்டலாமா என்ற ஐயம் நியாயமானது. 1980இல் ஆய்வாளர்கள் நீல் கோஹனும் லாரி ஸ்குவையரும் நினைவிழந்த வேறு பலரிடம், கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிய எழுத்தை வாசிப்பதைச் சோதித்து அதே முடிவைக் கண்டார்கள். அந்தத் திறன் மூன்று மாதம் கழித்தும் நிலைத்தது. ஆகவே இது தனி நினைவு. தசையில் இருப்பதாகச் சொல்வது வழக்கம். ஆனால் இருப்பது மூளையின் ஆழத்திலுள்ள பேசல் கேங்க்லியாவிலும் சிறுமூளையிலும்.

இது யோசனையில்லாத வேலை என்ற எதிர்வாதமும் நிற்காது. ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ளக்கூடியவை மிகச் சில. உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் ஏழையொட்டிய எண்ணிக்கை என்றார், பின்வந்தோர் நான்கு என்று குறைத்தார்கள். அரம் பிடிப்பதைக் கை பார்த்துக்கொள்வதால்தான் அந்தக் குறுகிய இடம் புதிய சிக்கலுக்குக் கிடைக்கிறது. கை பார்த்துக்கொள்வதில் கவனம் குறுக்கிட்டால் வேலை கெடும்: தேர்ந்த கோல்ஃப் ஆட்டக்காரர்களைத் தங்கள் அடியையே கவனிக்கச் சொன்னபோது ஆட்டம் கெட்டது என்று உளவியலாளர் சியான் பைலாக் குழுவினர் 2002இல் காட்டினார்கள்.

எழுதிவைத்தால் இந்தத் தொழில் பிழைத்துவிடும் என்று நம்புவோர் உண்டு. இயந்திரத்தில் செய்யப்படும் அலிகர் நகரப் பூட்டின் போட்டியில் திண்டுக்கல் பட்டறைகள் சுருங்குவதால் எழும் நம்பிக்கை இது. ஆனால் புவிசார் குறியீட்டின் ஆவணம் பூட்டை வர்ணிக்கும்; சிக்கும் இடத்தை உணரும் விரலைத் தராது. அதைக் கொடுக்க, மூத்த தொழிலாளியின் அருகில் ஒரு பயிலுநர் உட்கார வேண்டும், அவருக்குக் கூலியும் வேண்டும். அரசு செலவிட வேண்டியது அங்கேதான்.