பீரங்கி இருக்கு, வண்டி எங்கே?

இன்னைக்கு ஒரு சொல்லுல இருந்து ஆரம்பிப்போம்: பீரங்கி. இது ‘ஃபிரங்கி’ங்கிற சொல்லுல இருந்து வந்தது. கடல் தாண்டி வந்த ஐரோப்பியருக்கு நம்ம ஊர்ல வச்ச பேர் அது. பரங்கியர்னு சொல்றோமே, அதுவும் இதே சொல்லோட இன்னொரு வடிவம்தான். ஆக, அந்த ஆயுதத்தோட பேருக்குள்ளயே ஒரு கப்பல் ஒளிஞ்சிருக்கு.

நான் மதுரைக்காரன். கடலே இல்லாத ஊர்ல உட்கார்ந்து ஒரு மரக்கப்பல் மாதிரி செஞ்சுகிட்டு இருக்கேன். 18-ம் நூற்றாண்டுப் போர்க்கப்பல், 64-ல் ஒரு பங்கு அளவு. கடையில வாங்குற கிட் இல்லை, எல்லாத்தையும் நானே அறுத்து, இழைச்சு ஒட்டணும். நிஜத்துல ஒன்பதரை அடி நீளப் பீரங்கி, என் கையில நாலரை சென்டிமீட்டர். பித்தளைக் கம்பியைக் கடைஞ்சா குழாய் வந்துடும். மண்டை காய்றது அதுக்குக் கீழே இருக்கிற வண்டியிலதான். ஒரு பீரங்கி எங்கே நின்னு சண்டை போடும்னு முடிவு பண்றது குழாய் இல்லை, வண்டிதான்னு அப்போதான் உறைச்சது.

முதல்ல, நகரவே வேண்டாத பீரங்கி. தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் பீரங்கி மேடு இருக்கு. அங்கே கிடக்கிறது ராஜகோபால பீரங்கி. ரகுநாத நாயக்கர் காலத்துது, அதாவது 17-ம் நூற்றாண்டின் தொடக்கம். நீளம் சுமார் ஏழரை மீட்டர், எடை சுமார் 22 டன். இதை உருக்கி வார்க்கலை. நீள நீளமான இரும்புப் பட்டைகளை வட்டமா அடுக்கி, அதுக்கு மேல பழுக்கக் காய்ச்சின வளையங்களை ஒண்ணொண்ணா ஏத்தி, அடிச்சு இறுக்கியிருக்காங்க. பீப்பாய்க்கு வளையம் போடுற மாதிரி. கோட்டை மேட்டுல நிலையா உட்கார்ந்து காவல் காக்கிறதுதான் இதோட வேலை.

அடுத்தது கப்பல் பீரங்கி. 32 பவுண்டு குண்டு போடுற பெரிய பீரங்கி ஒண்ணு மட்டுமே இரண்டரை டன்னுக்கு மேல. சுட்டதும் அது பின்னாடி பாயும், கப்பலோ ஆடிக்கிட்டே இருக்கும். அதனால ரெண்டு பக்கமும் தடிமனான பலகை, அடியில நாலு குட்டிச் சக்கரம், கப்பலோட பக்கச் சுவர்ல கட்டின தடிச்ச வடம். சக்கரம் சின்னதா இருந்தா சுலபமா உருளாது, அதுவே பாதி பிரேக். மீதியை வடம் பிடிச்சுக்கும். கப்பல் தளம் நடுவுல மேடா, ஓரத்துல சரிவா இருக்கும். அதனால முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. பக்கப் பலகையோட பின்பகுதியில படிக்கட்டு மாதிரி வெட்டியிருப்பாங்க. பார்க்க அலங்காரம் மாதிரி இருக்கும், ஆனா வேலை இருக்கு. அந்தப் படியில நெம்புகட்டையை ஊன்றிப் பீரங்கியோட பின்பக்கத்தைத் தூக்குவாங்க, இன்னொருத்தர் அடியில ஆப்பைச் செருகுவார். குண்டு மேல போகுமா கீழே போகுமான்னு முடிவு பண்றது அந்த மர ஆப்பு.

இதே வண்டியை மதுரைச் சமவெளிக்குக் கொண்டு வந்தா என்ன ஆகும்? மழை பெய்ஞ்ச கரிசல் மண்ணுல பத்தடி கூட நகராது. 1763-ல் கும்பெனிப் படையும் ஆற்காடு நவாப் படையும் யூசுப் கானை எதிர்த்து மதுரைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வடகிழக்குப் பருவமழைதான் அவங்களை முதல்ல நிறுத்தியது. அடுத்த வருஷம் திரும்பி வந்து, 1764 ஜூன் 26-ல் கோட்டை மேல ஏறிப் பார்த்தாங்க. யூசுப் கான் விரட்டிவிட்டார். கடைசியில அவரோட ஆட்களே பிடிச்சுக் கொடுக்க, அக்டோபர் 15-ல் அவரைத் தூக்கில் போட்டாங்க.

இந்த மண்ணுல பீரங்கியை இழுக்கணும்னா உயரமான ரெண்டு சக்கரம் வேணும். குடம், ஆரக்கால், வட்டை, மேல இரும்புப் பட்டா. நம்ம மாட்டுவண்டிச் சக்கரத்துக்குச் சொல்ற அதே சொற்கள். பட்டாவைச் சூடாக்கி மாட்டித் தண்ணி ஊத்தினா, சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடிக்கும். தஞ்சாவூர்ல பீரங்கி வளையத்தை ஏத்தின அதே கொல்லன் அறிவு.

இந்த மர வேலையோட மதிப்பு கும்பெனிக்கு நல்லாத் தெரியும். 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு, ஸ்ரீரங்கப்பட்டணத்துல பீரங்கி வண்டி செய்யவே ஒரு தொழிற்சாலை வச்சாங்க. பக்கத்துக் காடுகள்ல தேக்கு இருந்துச்சே! பிறகு அது மெட்ராஸுக்கு மாறியது. 1904-ல் ஜபல்பூர்ல தொடங்கின தொழிற்சாலைக்கு இன்னைக்கும் ‘கன் கேரேஜ் ஃபேக்டரி’ன்னுதான் பேர். இப்போ ‘தனுஷ்’ பீரங்கி அங்கே இருந்துதான் வருது.

தேக்குல நிஜ வண்டி செய்யலாம், என் மாதிரி வண்டி செய்ய முடியாது. ரேகை பெரிசா இருக்கும், பொம்மை மாதிரித் தெரியும். அதனால சென்னபட்டணா பொம்மை செய்யுற வெட்பாலை மரத்தைத்தான் எடுத்தேன். ஒரு வண்டிக்கு நாலு சக்கரம், ரெண்டு அச்சு, ரெண்டு பக்கப் பலகை, ஒரு ஆப்பு. பத்து வண்டி செய்யுறதுக்குள்ள விரல் மரத்துப் போகுது. இதை முழு அளவுல, தேக்குல, நூத்துக்கணக்கா செஞ்ச தச்சர்கள் யார்? வரலாற்றுப் புத்தகத்துல தளபதி பேர் இருக்கும், சில பீரங்கிக்கே தனிப்பேர் இருக்கும், தச்சர் பேர் இருக்காது. அவர் செஞ்ச பொருளும் மிஞ்சாது. இரும்பு துருப்பிடிச்சாலும் நிக்கும். மரத்தைக் கரையான் தின்னுடும், இல்லைன்னா அடுப்புக்குப் போயிடும்.

மதுரையில ஒரு விதிவிலக்கு உண்டு. 1840-கள்ல கலெக்டர் பிளாக்பர்ன் காலத்துல கோட்டைச் சுவரை இடிச்சாங்க. அந்த வேலையைப் பார்த்த மேஸ்திரி பேர்லதான் பெருமாள் மேஸ்திரி வீதி இருக்கு. சுவரை இடிச்சவருக்கு ஒரு தெரு கிடைச்சது. அந்தச் சுவருக்கு முன்னால பீரங்கியை நகர்த்தின சக்கரத்தைச் செஞ்சவருக்கு ஒரு சந்து கூடக் கிடையாது.

அடுத்த தடவை ஏதாவது கோட்டைக்கோ மியூசியத்துக்கோ போனா, பீரங்கி பக்கத்துல செல்ஃபி எடுங்க, தப்பில்லை. அப்படியே கீழே குனிஞ்சும் பாருங்க. அங்கே சிமென்ட் திண்டு இருந்தா, ஒரு தச்சரோட உழைப்பு இருந்த இடம் அது.